கருவாட்டுக் காகிதத்து மெம்பர்

ஒரு ஓட்டுகூட வாங்காமல் சட்டசபை மெம்பரானவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் கருவாட்டால் வந்த வினை. கடைக்கார நானா கருவாடு மடித்துக் கொடுத்த காகிதத்தில் ஓர் அமெரிக்க மெம்பரின் வாழ்க்கை அச்சாகியிருந்தது. குடியானவன் மகன், மூன்று தேர்தலில் தோற்று நாலாவதில் ஜெயித்தவர். ஏழைகளை வதைக்கும் சட்டம் ஒன்று வந்தபோது எழுந்தவர், பொழுது சாயும்வரை உட்காராமல் பேசினாராம். பேச்சு முடியாததால் ஓட்டெடுக்க முடியவில்லை, சட்டம் செத்தது. படித்த அன்றே நம்மவர், தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட பழைய கோட்டை மாட்டிக்கொண்டு மெம்பராகிவிட்டார்.

அப்புறம் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியை எடுத்ததும், "வழிமொழிகிறேன்!" என்று எழுந்தார். கூடப் பால்மரம் சீவும் அஞ்சலையின் புருஷன் காய்ச்சலில் செத்தபோது பிணத்தின் முன் நின்று, "ஆட்சேபிக்கிறேன்" என்றார். அதற்கு மட்டும் நாங்கள் சிரிக்கவில்லை.

சில மாதத்தில் அஞ்சலைக்குச் சீவுகத்தி பட்டுக் கை வீங்கிவிட்டது. வேலை செய்யாதவளுக்கு வீடு எதற்கு, இரண்டு பிள்ளைகளோடு இன்றே காலி பண்ணட்டும் என்று விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரை உத்தரவு போட்டார். பெரட்டில் பேர் கூப்பிடும் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா, நான்தான். எல்லாரும் வருகை சொல்லி, நான் பதிவை மூடினால்தான் ஆட்கள் காட்டுக்குள் இறங்கலாம். கடைசிப் பேர் மெம்பருடையது.

"இருக்கேன்" என்று சொல்வதற்குப் பதில் அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அமெரிக்காவுல ஒரு குடியானவன் வீட்டுல புள்ள ஒன்னு பொறந்துச்சுங்க..."

வெயில் ஏறினால் மரத்தில் பால் வடியாது. அது துரைக்கும் தெரியும், மெம்பருக்கும் தெரியும். பிள்ளை வளர்ந்து மூன்று தடவை தோற்றது. வரலாறு தீர்ந்ததும் கருவாட்டுக் குழம்பு வைக்கும் விதம் வந்தது. அதுவும் தீர்ந்ததும் அமெரிக்காவில் மறுபடி பிள்ளை பிறந்தது.

"மண்டோர்! அவனை இழு!" என்று கத்தினார் துரை.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வயித்து வலி தொரை."

"கிராணி! புஸ்தகம் மூடு!"

நான் பதிவை விரித்தே வைத்துக்கொண்டேன். "அவரு இன்னும் இருக்கேன்னு சொல்லலீங்களே தொரை," என்றேன். வேலை போனால் போகட்டும் என்று நான் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

மரங்களுக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். "அவ இருக்கட்டும்! கை ஆறுற வரைக்கும் இருக்கட்டும்! போ, எல்லாம் போ!"

"இருக்கேன்," என்றார் மெம்பர்.

மத்தியானமே அவர் பேரைப் பதிவிலிருந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். மூட்டையோடு கிளம்பியவரை வழியில் மறித்து, அதுவரை 'ஏய்' என்றே கூப்பிட்ட நான், "எங்கண்ணே போவீங்க?" என்றேன்.

"அடுத்த தோட்டத்துக்குத்தான் கிராணியாரே. தொகுதிக்கா பஞ்சம்?"

பின்னாளில் நமக்கும் ஓட்டு வந்தது. நானும் தவறாமல் போடுகிறேன். இருக்காது என்று தெரியும். ஆனாலும் ஓட்டுச் சீட்டைப் பிரித்தவுடன் என் கண் முதலில் அவர் பேரைத்தான் தேடுகிறது.