சத்தம் போட்ட கம்ப்யூட்டர்

லிஃப்ட் மெக்கானிக் அன்று மாபெரும் முடிவொன்றை எடுத்தார். மனைவியின் கம்ப்யூட்டருக்கென்று வாங்கி வந்த எஸ்.எஸ்.டி. என்கிற புது அதிவேக டிஸ்க்கைத் தன்னுடைய வீடியோ கேம் பெட்டிக்குள் மாட்டிவிடுவது என்பதுதான் அது.

பாவம், அவர் நிலைமை அப்படி. கேம் பெட்டியில் இடமே இல்லை. புது கார் பந்தயத்தை ஏற்ற வேண்டுமென்றால், பார்த்துப் பார்த்து வளர்த்த கால்பந்து அணியை அழிக்க வேண்டும். பெற்ற பிள்ளையை யாராவது அழிப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பல் டாக்டர் வேறு பந்தயத்துக்கு வருகிறார். "லிஃப்ட்காரருக்கும் வேகத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சிரித்த மனுஷன். அவரை ஜெயிக்காவிட்டால் மெக்கானிக்குக்குச் சோறு இறங்காது.

மனைவிக்கு வீட்டிலேயே போட்டோ ஆல்பம் போடுகிற வேலை. அவள் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் குளித்துவிட்டே வந்துவிடலாம்.

"புது கம்ப்யூட்டரெல்லாம் தண்டச் செலவு. பழைய டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. போட்டா போதும், பறக்கும்" என்று யோசனை சொன்னவரே அவர்தான். யோசனையில் ஒரு குறையும் இல்லை.

அவள் கடைக்குப் போன நேரத்தில் காரியத்தை முடித்தார். எஸ்.எஸ்.டி. கேம் பெட்டிக்குள் போயிற்று; கார் பந்தயமும் ஏறிக்கொண்டது. பெட்டியின் பழைய டிஸ்க் ஒற்றைச் சாக்ஸுக்குள் நுழைந்து பரணேறியது. கம்ப்யூட்டரிலோ, ஃபேன் தூசியை ஊதிவிட்டு, ஆன் செய்ததும் முந்திக்கொண்டு ஓடிவருகிற வேண்டாத புரோகிராம்களை நிறுத்திவைத்தார். அதற்கே கொஞ்சம் வேகம் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?"

"முன்னைக்கு இது தேவலைங்க."

"தேவலையா? பறக்குதுன்னு சொல்லு!"

"பறக்குதுங்க." அவள் குனிந்து கம்ப்யூட்டரில் காதை வைத்தாள்.

"அங்கே என்ன பண்றே?"

"சும்மாதான். உங்க கைராசியே ராசி."

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்து சோபாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் பெட்டியை ஆன் செய்தார். திரையில் காரைக் காணோம். பழைய கால்பந்து அணி மட்டும் வரிசையாக நின்றது. 'இடம் போதவில்லை' என்றது பெட்டி.

"எங்கே சார் காரு?"

"வரும், வரும்..."

"லிஃப்ட்டுக்குக் காத்திருக்கற மாதிரியே இருக்கே!"

மெக்கானிக் எழுந்து உள்ளே ஓடினார். மனைவியின் திரையில் ஆல்பம் மடமடவென்று புரண்டது. கம்ப்யூட்டரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை.

"ஏம்மா, என் பெட்டியை யாராவது..." பாதியிலேயே விழுங்கிக்கொண்டார். கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லே."

அவள் திரும்பாமலே பேசினாள். "எஸ்.எஸ்.டி.யில சுத்தற சாமானே கிடையாதாமே. நீங்க மாட்டின அப்புறமும் கம்ப்யூட்டர் கரகரன்னுச்சு. சத்தத்தைக் கேட்டாலே கோளாறு எங்கேன்னு சொல்லிடுவேன்னு தினமும் சாப்பிடும்போது பெருமையடிப்பீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. டிஸ்க் மாத்தறதுக்கு நீங்க பார்த்த வீடியோவை நானும் பார்த்தேன். அவ்வளவுதான்."

கூடத்திலிருந்து பல் டாக்டர் இருமினார்.

"போங்க, அவரு காத்திருக்காரு. பந்தாவது உதைங்க" என்றவள், மேஜை டிராயரைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"பரண்ல உங்க ஒத்தை சாக்ஸ் கிடந்துச்சு. துவைச்சு வெச்சிருக்கேன்."