பாறை யார் பொறுப்பு என்பது பற்றி

செஞ்சி வட்டம்,
கார்த்திகை, திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி பாகுபலிக்கு அண்ணன் பத்மகுமார் ஆசிகளுடன் எழுதுவது. ஜினபகவான் அருளால் இந்த வரியை எழுதும் வரை நானும் உன் அண்ணி மருதேவியும் நலம். அடுத்த வரியைப் பற்றி உறுதி சொல்வதற்கில்லை. போனில் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய், ஆகவே கடிதம்.

நம் வீட்டுக்கு மேற்கே மலைச்சரிவில் நிற்கும் பாறையை நீ மறந்திருக்கமாட்டாய். ஒரு டவுன் பஸ் அளவு இருக்கும். செஞ்சியைச் சுற்றி எல்லா மலையும் யாரோ கல்லைக் கொட்டிவிட்டுப் போனதுபோலத்தான் இருக்கின்றன, அதில் இது ஒரு கல் என்று இத்தனை காலம் இருந்துவிட்டோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் நம் வீட்டில் உன் அண்ணிக்குக் கடிகாரம் அந்தப் பாறையின் நிழல்தான். நிழல் கிணற்றைத் தொட்டால் உலை வைப்பாள், துவைக்கிற கல்லைத் தொட்டால் தட்டு எடுத்து வைப்பாள். ஐப்பசி மழை விட்ட மறுநாள், உலை வைக்கும் நேரத்துக்கே நிழல் துவைக்கிற கல்லைத் தாண்டிவிட்டது. இருட்டும் வரை கூப்பிடாமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என்னைத் திட்டினாள். வெளியே போய்ப் பார்த்தேன். சூரியன் சரியான இடத்தில்தான் இருந்தது. பாறை நம் பக்கம் சாய்ந்திருந்தது. அடிமண் கரைந்து, கை நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது.

கிராம நிர்வாக அலுவலர் அரிகிருஷ்ணனிடம் போனேன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். வீடு அவர் கிராமம், பாறை நிற்கும் இடம் அடுத்த கிராமமாம். "நிக்கிற வரைக்கும் அவங்களுது சார். உருண்டு வந்துச்சுன்னா எங்களுது. வந்ததும் ஒரு போன் அடிங்க, எந்நேரமா இருந்தாலும் வந்துடுறேன்" என்றார். அந்த அடுத்த கிராமத்து ஊராட்சித் தலைவர் சுந்தராம்பாள், சாய்ந்திருப்பது தங்கள் பக்கம் இல்லையே என்று நிம்மதியடைந்தார். வனத்துறையில் மரம் விழுந்தால்தான் அவர்கள் வேலையாம். கனிமத்துறையில் நான் கல்லை உடைத்து விற்கப்போகிறேன் என்று நினைத்து லைசென்ஸ் கேட்டார்கள். மலையில் சமணர் படுக்கை இருப்பதால் தொல்லியல் துறையைக் கேட்கச் சொன்னார்கள், அங்கே போனால் இந்தப் பாறையில் படுக்கை எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நம் முன்னோரில் ஒருவர் ஒரே ஒரு ராத்திரி அதன்மேல் படுத்திருந்தால் இந்நேரம் சுற்றிலும் கம்பிவேலி வந்திருக்கும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க விழுப்புரம் பஸ் ஏறுகிறேன், வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறுகிறேன். கூட வா என்றால் உன் அண்ணி வருவதில்லை. "விழுறப்ப வூட்ல ஆளு இல்லன்னா, இங்க யாருமே குடியில்லன்னு எழுதிடுவாங்க" என்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பச்சைமுத்துவுக்கும் இதே பயம். அவர் மனைவி அமிர்தவல்லி அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆபீஸ் நடைமுறை என்னைவிட நன்றாகத் தெரியும். "மனுசன் இருக்குறான்னா எவனும் வரமாட்டான் சார். சாமி இருக்குதுன்னு சொல்லுங்க, லைட்டு வரும், ரோடு வரும், ஆபீசருங்க செருப்பக் கழட்டிட்டு வருவாங்க" என்று சொல்லி, மேலே ஏறிப் பாறைக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றிவிட்டார். நமக்கு ஏன் இந்தப் பாவம் என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் அரைத்துக் கொடுத்தது உன் அண்ணிதான். அமிர்தவல்லி சொன்னது சொன்னபடி நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் அனந்தபுரத்திலிருந்து கும்பிட ஆட்களோடு ஆட்டோ வந்தது, தெருவிளக்கு வந்தது, நாம் எத்தனையோ வருசமாகக் கேட்ட தார் ரோடும் பாதி வந்தது. போன வாரம் என் மனுவும் பழுத்து, உடைக்கச் சொல்லி உத்தரவு வந்து, மிஷினோடு ஆட்களும் வந்துவிட்டார்கள். மேஸ்திரி மஞ்சளைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், விழுந்து கும்பிட்டார், வண்டியைத் திருப்பிவிட்டார். பச்சைமுத்து கெஞ்சினார். அமிர்தவல்லியே கூட்டத்துக்கு நடுவில், "பூசினது நான்தான், சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, கழுவி விட்டுடுறேன்" என்று உண்மையைச் சொன்னார். ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமிதாம்மா உங்கைய வச்சிப் பூசிக்கிச்சு" என்றது. அதோடு முடிந்தது. இனி அறநிலையத்துறையைக் கேட்டுத்தான் உடைக்க வேண்டுமாம்.

அந்தத் துறையில் உனக்கு வேண்டியவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னாயே, அவரிடம் "அங்கே சாமி இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. அப்படி எழுத யாருக்கும் கை வராது என்று தெரியும், இருந்தாலும் கேள். கடலில் மறுபடி தாழ்வு மண்டலம் என்கிறார்கள். உன் அண்ணி கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் நகர்த்திப் போட்டிருக்கிறாள். பஸ் அளவு பாறைக்கு அந்த நாலடி எம்மாத்திரம் என்று நான் கேட்கவில்லை.

மதுமிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் எல்லோரும் தீர்க்காயுளோடு, சமதரையில் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன் பத்மகுமார்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் பாறை வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் செய்யாதே. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பச்சைமுத்துவின் மாட்டுக்கொட்டகை இல்லை, அதில் கட்டியிருந்த சினைப்பசுவும் இல்லை. அமிர்தவல்லி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அரிகிருஷ்ணன் போன் வைத்த கையோடு மழையில் வந்து டேப் பிடித்து அளந்தார். பாறை நம் சுவரை ஒட்டி, பாகப்பிரிவினையில் உனக்கு வந்த காலி மனையில் நிற்கிறது. பட்டா உன் பெயரில் இருப்பதால் அது இப்போது உன் பாறை. பொதுமக்களுக்கு இடையூறான அதைப் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்தச் சொல்லி உனக்கு நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். நீ ஊரில் இல்லாததால் பாறை மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள்.