நாலு பேர் டென்ட்டும் நூறு சதவீதப் பரிசோதனையும்

ஹைதராபாத் கொண்டாப்பூர்ல நாப்பத்தெட்டு வீடு உள்ள ஒரு அபார்ட்மென்ட். அதோட கேட்டுப் பக்கத்துல எனக்கு இஸ்திரி வண்டி. அதனாலதான் ரெண்டாயிரத்தி ஒன்பது டிசம்பர்ல நடந்த அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க சம்பவத்தக் கண்ணால பாக்கற பாக்கியம் கெடச்சுது.

அந்த வருஷம் கம்ப்யூட்டர்க்காரங்க வீட்டுல ரெண்டு புது வியாதி. ஆம்பளைங்களுக்கு கேம்பிங், பொம்பளைங்களுக்கு கேக்கு. மூணு ரூம் வீட்ட அல்லாடி வாங்கிட்டு, லீவு நாள்ல துணிக்குள்ள படுக்கறதுக்கு ஏங்குவாங்க.

முன்னூத்திரெண்டாம் நம்பர் வீட்டு கணேஷ்குமார் சாரு டென்ட்டு, தூங்கற பை, தலையில மாட்டற லைட்டு, திசை காட்டற டப்பி எல்லாம் வாங்கிட்டாரு. காட்டுக்குப் போகத்தான் லீவு கெடைக்கல. அந்த டப்பிய வெச்சு ஆபீசுக்குப் போயிட்டு வந்தாரு. அவரு சம்சாரம் சுபாஸ்ரீ அம்மா ஓவன் வாங்குனாங்க. மொதோ கேக்க வாட்ச்மேன் கேட்டுக்கு முட்டுக் குடுத்து வெச்சான், ரெண்டு மாசம் தாங்குச்சு. நாலாவதுதான் வாயில போட்டா கரைஞ்சுது.

அவங்க பொண்ணு யாழினிக்கு அந்த ஞாயித்துக்கெழம எட்டு வயசு முடியுது. ஆச பெருசு இல்ல. புல்தரையில டென்ட் போடணும், பசங்களோட கண்ணாமூச்சி ஆடணும், எல்லாரும் டென்ட்டுக்குள்ள உக்காந்து கேக் திங்கணும்.

அதுக்கு அசோசியேஷன் அனுமதி வேணும். அங்கதான் செகரட்டரி ராமசுவாமி சாரு வர்றாரு. ராமச்சந்திராபுரம் ஃபேக்டரில முப்பத்தாறு வருஷம் தரப் பரிசோதனை பண்ணவரு. ரிட்டயர் ஆனப்ப ஃபேக்டரிய விட்டுட்டு வந்தாரு, பரிசோதனைய விட்டுட்டு வரல. என்கிட்ட சட்டை குடுத்தாக்கூட ரெண்டு காலரையும் ஸ்கேல் வெச்சு அளந்துதான் திருப்பி வாங்குவாரு.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, இடுப்பு உசர ஃபைலோட கமிட்டி நாலு பேரும் புல்தரைக்கு எழுந்தருளினாங்க.

"கேக்கு எங்க?"

"இருக்கு சார். டேஸ்ட்டுக்கு ஒரு துண்டு தரட்டுமா?"ன்னாங்க சுபாஸ்ரீ அம்மா.

"ஒரு துண்டா? ஏம்மா, ஒரு துண்டு நல்லாருந்தா மத்த துண்டும் நல்லாருக்கும்னு என்ன அத்தாட்சி? திங்கப்போறது கொழந்தைங்க. நான் பாய்லருக்கே நூறு சதவீதம் பாத்தவன்."

"அப்டின்னா?"

"அப்டின்னா முழுசா."

கமிட்டி உக்காந்துச்சு. எட்டுத் துண்டு, பத்துத் துண்டு, ஓரத்துல ஒட்டுன கிரீமு... ஒண்ணு விடல. ட்ரஷரர் ஸ்டெல்லா அம்மா மட்டும், "எனக்கு சுகர் இருக்கு, ஆனா கடமைன்னு வந்துட்டா..."ன்னு கண்ண மூடிக்கிட்டு மூணு துண்ட உள்ள தள்ளுனாங்க. கடைசில தட்டையும் தடவிப் பாத்துட்டு சர்டிபிகேட் எழுதிக் குடுத்தாங்க: 'மேற்படி கேக் உண்ணத் தகுந்தது.'

யாழினி தட்டப் பாத்தா, சர்டிபிகேட்டப் பாத்தா. "இத சாப்ட முடியுமா அங்கிள்?"

"ஃபைல்ல வைக்கணும்மா."

சுபாஸ்ரீ அம்மா விறுவிறுன்னு இன்னொரு கேக் சுட மேல போயிட்டாங்க. பொம்பள கோவத்துல சுட்டா கேக்கு நல்லா உப்பும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அடுத்தது டென்ட்டு. பை மேல 'நாலு பேர்'னு போட்டிருந்துச்சு.

"நாலு டன் தூக்கற கிரேன அஞ்சு டன் தொங்கவிட்டு சோதிக்கணும். அப்ப நாலு பேர் டென்ட்ட?"

"அஞ்சு பேர வெச்சு சார்"னாரு கணேஷ்குமார். அவருக்கு சந்தோஷம். வாங்கி ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் அவருக்கே உள்ள போக வாய்ப்பு.

கமிட்டி நாலு, அவரு ஒண்ணு, கூட ஃபைலு. உள்ள போனாங்க. ஜிப்ப இழுத்தாங்க. சர்ருன்னு முழுசா மூடுச்சு, திரும்பத் தொறக்க வரல. ஃபைல் கட்டுன நாடா ஜிப்புக்குள்ள மாட்டிக்கிச்சு.

"சார், நாடாவ வெட்டிடலாம். கத்தி இருக்கு, கார்க் எடுக்கறது, மீன் செதில் சீவறது எல்லாம் அதுலயே இருக்கு"ன்னாரு கணேஷ்குமார்.

"யோவ், அது அசோசியேஷன் ஆவணம்! பொதுக்குழு ஒப்புதல் இல்லாம ஒரு நூல் அறுபடக் கூடாது. வெளிய யாருப்பா? பொதுக்குழுன்னா மூணுல ஒரு பங்கு வேணும், பதினாறு வீட்டுக்காரங்கள உடனே கூட்டுங்க!"

இந்தச் சேதி அபார்ட்மென்ட் முழுக்கப் பரவ நாலு நிமிஷம் ஆச்சு. அஞ்சாவது நிமிஷத்துல பதினாறு வீடு சேந்துடக் கூடாதேன்னு நாப்பத்தெட்டு வீடும் பொறுப்பா நடந்துக்கிச்சு. பாதிப்பேரு கோயிலுக்கு, பாதிப்பேரு தலைவலின்னு கதவ சாத்திட்டாங்க. இளங்கோவன் சாரு டென்ட் வரைக்கும் வந்தாரு, உள்ளேந்து "யாரது?"ன்னு சத்தம் வந்ததும் அப்படியே பூனை மாதிரி பின்னால நடந்தாரு. பால்கனில துணி காயப்போட்டதுக்கு ரெண்டு தடவ நோட்டீஸ் வாங்குன மனுசன். கூப்பிட்டது என் காதுலயும் விழுந்துச்சு. ஆனா கையில பெட்டி சூடா இருந்துச்சு.

பசங்களுக்கோ சொர்க்கம்! புல்லு மேல ஓடாதேன்னு சொல்றவரு உள்ள. லிஃப்ட்ல ஒளியாதேன்னு சொல்றவரு உள்ள. கத்தாதேன்னு சொல்றவங்களும் உள்ள. ரெண்டரை மணி நேரம் அந்த அபார்ட்மென்ட் குதிச்சுது. ஜெனரேட்டர் ரூமுல ரெண்டு பேரு, என் வண்டிக்கடியில மூணு பேரு. யாழினி முகத்துல சிரிப்பு வடியல.

மேலேந்து ரெண்டாவது கேக்கு வந்துச்சு. யாழினி கத்திய எடுத்தா, சுத்திப் பாத்தா, கீழ வெச்சுட்டா.

"டாடி இல்லாம நக்கோ, வேணாம்."

நேரா டென்ட்டுக்கிட்ட போனா. சின்ன வெரல்ல நாடாவ கொஞ்சம் பின்னாடி தள்ளி, ஜிப்ப இழுத்தா. தொறந்துடுச்சு. பாவம், பொதுக்குழு ஒப்புதல் வாங்கணும்னு அவளுக்குத் தெரியல.

திட்டு விழும்னு பாத்தோம். ராமசுவாமி சாரு வேர்த்து வழிய, முகம் பிரகாசமா வெளிய வந்தாரு. கையில ஃபைலோட அட்டை. அதுல நெருக்கி நெருக்கி இங்கிலீஷ்ல பதினோரு தீர்மானம். வேலையில்லாம அடைச்சு வெச்சா கமிட்டி வேற என்ன பண்ணும்?

"எல்லாரும் கையெழுத்து போடுங்க!"

'ஏன் தொறந்துவிடல'ன்னு ஒரு வார்த்த அவரு கேக்கல. அந்த நிம்மதியில நாப்பத்தெட்டு வீடும் இறங்கி வந்து வரிசையில நின்னு கையெழுத்து போட்டுச்சு. கூப்பிடாமலே நானும் போட்டேன்.

எல்லாம் முடிஞ்சப்புறம் யாழினிதான் அட்டைய எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சா. இனிமே ஞாயித்துக்கெழமதோறும் டென்ட்டுக்குப் பரிசோதனை. வாரம் அஞ்சு பெரியவங்க, வரிசைப்படி, உள்ள ரெண்டரை மணி நேரம். கையெழுத்து போட்ட எல்லாருக்கும் கட்டாயம். பசங்களுக்கு எடை பத்தாததால பரிசோதனை நேரத்துல வெளியவே இருக்கணும்.

"அப்ப ஞாயித்துக்கெழம மொத்த அபார்ட்மென்ட்டும் எங்களுக்கா?"ன்னு கேட்டா. "எல்லாரும் படிக்காமலேவா சைன் பண்ணீங்க?"

எனக்கு இங்கிலீஷ் தெரியாது, போட்டேன். எம்.டெக் படிச்சவங்களுக்கு என்ன வந்துச்சுன்னுதான் தெரியல. அடுத்த ஞாயித்துக்கெழம என் முறை. இளங்கோவன் சாரும் என் கூடத்தான், உள்ள போனதும் அத அவருகிட்டயே கேக்கலாம்னு நெனச்சுக்கிட்டேன்.