சாமந்தி சாரும் ஒரு சொறிமீனும்

மதுரையில் கடல் இல்லை என்று யாராவது சொன்னால், அவர் கே.கே. நகரில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்து ஒரு எக்ஸ்ரேகூட எடுத்துக்கொண்டதில்லை என்று அர்த்தம். அந்த இருட்டறைக்குள் ஒரு முழுக் கடல் இருக்கிறது. பவளப்பாறை, கடல் பஞ்சு, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி என்று சகலமும் அங்கே கம்ப்யூட்டருக்குள் குடித்தனம் நடத்துகின்றன. வீட்டுக்காரர் எங்கள் சாமந்தி சார்.

நான் அதே சென்டரில் பில் கவுண்டரில் பல வருஷம் குப்பை கொட்டியவள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடல் சாமந்தி என்று ஒரு ஜீவன் உண்டு. பாறையில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரியும், தொட்டால் சுருங்கிக்கொள்ளும். பூ இல்லை, அதற்கு வாயும் உண்டு, வயிறும் உண்டு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிப் பேசி அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. விவரம் தெரியாத ஒரு கல்யாண வீட்டுக்காரர், "சார், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல உங்களுக்கு ஆள் இருக்காமே, சாமந்தி கிலோ எம்புட்டுக்கு முடிச்சுத் தருவீக?" என்று கவுண்டரில் வந்து நின்ற கூத்தும் நடந்திருக்கிறது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் முதுகெலும்பைப் படம் பிடிப்பார். மிச்ச நேரமெல்லாம் முதுகெலும்பே இல்லாததுகளைத் தேடுவார். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நம் கரையில் அந்த மாதிரி எந்த உயிர், எந்த இடத்தில், எப்போது, யார் கண்ணில் பட்டது என்று ஒன்று விடாமல் தொகுத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, காலணா வரும்படி கிடையாது. "எதுக்கு சார் இந்த வேண்டாத வேலை?" என்று நானே எத்தனையோ தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன்.

"நாளைக்கு ஒருத்தன் வந்து, இங்க இது இருந்துச்சான்னு கேட்டா, யாராச்சும் பதில் சொல்லணுமேம்மா" என்பார்.

சரி, மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்ப்பது எப்படி? அவரை விட்டால் எக்ஸ்ரேக்கு ஆள் இல்லை, சென்டர் முதலாளி டாக்டரம்மா லேசில் லீவு தர மாட்டார். யோசித்தார் மனுஷன். மதுரையில் பாதிப் பேர் அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறார்கள். முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, அவ்வளவு பெரிய கடலைச் சும்மா பார்த்துவிட்டுத்தானே திரும்பி வருகிறார்கள்? இது அநியாயம் இல்லையா?

அன்றிலிருந்து எக்ஸ்ரே அறைக்குள் போன யாரும் தப்பவில்லை. "மூச்சை இழுங்க... புடிங்க... விட்ராதீங்க... தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போறீங்களா?" மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் வேறென்ன செய்வார், தலையை ஆட்டுவார். படம் கலங்கிப்போகும். "ஆடாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று அதற்கும் அவருக்கே திட்டு விழும். பிறகு பாடம் ஆரம்பமாகும். கூட்டத்தை விட்டுப் பாறைப் பக்கம் போக வேண்டும், தண்ணீர் வடிந்திருக்கும்போது குனிய வேண்டும், தொடக் கூடாது, பிடுங்கக் கூடாது, போனில் படம் மட்டும் எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் சார் கேட்பது மூன்றே கேள்வி. எடம் எது? நேரம் என்ன? பாத்தது யாரு? போன காரியம் நல்லபடியாக முடிந்ததா, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை வராது.

திருநகரிலிருந்து ஒரு ரிட்டயர்ட் பேங்க்காரர். விரலில் தர்ப்பையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர், மந்திரத்தின் நடுவே பொசுக்கென்று குனிந்துவிட்டாராம். "தாத்தா பேரைச் சொல்லுங்கோ" என்று புரோகிதர் அதட்ட, "ஒரு நிமிஷம் சாமி, தாத்தா எங்கயும் போயிர மாட்டாரு, இது சுருங்கிரும்!" என்றாராம். அந்தப் படத்தை சார் ஒரு வாரம் கொண்டாடினார். தாத்தாவுக்கு எள்ளு போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது.

இன்னொரு அம்மா ஆசையாக இரண்டு பவளக்கல்லையே முந்தானையில் முடிந்து கொண்டுவந்துவிட்டார், ஷோகேஸில் வைக்க ஒன்று, சாருக்கு ஒன்று என்று. சார் ஆடிய ஆட்டத்தில் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இடுப்புவலி தானாகவே போய்விட்டது. "கல்லா இது? ஒரு ஊரும்மா! ஊரையே பேத்துட்டு வந்திருக்கீங்க! கேஸாகிப்போகும், தெரியுமா?" அந்த அம்மா நடுநடுங்கிப்போய் இரண்டையும் சாரிடம் ஒப்படைத்துவிட்டார். அடுத்த அமாவாசை வேனில் முன் சீட்டில் துண்டு விரித்து, அந்தக் கற்கள் ராஜமரியாதையோடு கடலுக்குத் திரும்பிப் போயின.

அந்த வேனை ஓட்டுகிறவன்தான் பாண்டி. அவனியாபுரத்துக்காரன். பொங்கலுக்கு வாடிவாசலில் காளைக்கு முன்னால் மார்பைக் காட்டி நிற்கிறவன், கடல் முள்ளெலியைக் கண்டால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான். காரணம் உண்டு. ஒரு தடவை முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தான். சார் முதலில் கேட்டது, "முள்ளு என்ன கலரு?" அப்புறம் அவன் காலை நாலு பக்கமும் திருப்பி எக்ஸ்ரே எடுத்தார். வைத்தியத்துக்கு என்று நினைத்தோம். பதிவுக்காம். டாக்டரம்மா அன்றைக்குப் போட்ட சத்தம் ரிங் ரோடு வரை கேட்டிருக்கும்.

மாசாமாசம் போகிற பாண்டிக்குப் படம் மட்டும் கைவராது. தண்ணீர் கலங்கும், வெயில் அடிக்கும், கடைசியில் அவன் கால்தான் விழும். "கட்டைவிரல் நல்லா விழுந்திருக்கு பாண்டி" என்பார் சார், மனசு நோகக் கூடாதே என்று. பாண்டிக்கு அதுதான் நோகும். "ஒரே ஒரு தடவை அண்ணன் வாயால அடேங்கப்பான்னு கேட்டுட்டா போதும்க்கா" என்று என்னிடம் வந்து புலம்புவான்.

ஒரு ஆடி அமாவாசைக்கு மறுநாள் கேட்டுவிட்டான். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்த சார், "அடேங்கப்பா!" என்று அலறிக்கொண்டு எக்ஸ்ரே அறையிலிருந்து, கவுண்டரில் நின்ற பாண்டியிடம் ஓடி வந்தார். இளஞ்சிவப்பாக, நுனியெல்லாம் குமிழ் குமிழாக, அப்படி ஒரு சாமந்தி. நம் கரையில் இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லையாம்.

"எடம்?"

"ராமேஸ்வரத்துல ஓலைக்குடா பக்கம்ணே."

"நேரம்?"

"விடியக்காலைண்ணே."

"பாத்தது?"

"நாந்தாண்ணே, வேற யாரு?"

சார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உள்ளே மூச்சைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரை நான்தான் போய் விடுவித்தேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா, இந்தத் தொகுப்பைப் புத்தகமாகப் போடலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். இந்தச் சாமந்தியைப் பார்த்ததும் சம்மதித்துவிட்டார். தொகுத்தவர் என்று முதல் பக்கத்தில் சார் பெயர், சொந்தப் பெயர். அன்றைக்கு அவர் என் கவுண்டருக்கு வந்து, "ஏம்மா, என் இனிஷியல் முன்னாடி வந்தா நல்லா இருக்குமா, பின்னாடி வந்தா நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பாண்டியின் வேன் ஸ்டாண்டு ஆட்கள் சும்மா இருப்பார்களா? சென்டர் வாசலில் பிளெக்ஸ் எழும்பிவிட்டது. கடல் நடுவே கூலிங்கிளாஸோடு சார், பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரு சிங்கம். 'கடலுக்கே எக்ஸ்ரே எடுத்த எங்கள் அண்ணன்!' கீழே டாக்டரம்மா தன் பங்குக்கு முழு உடல் பரிசோதனைச் சலுகையைச் சேர்த்துவிட்டார்.

புத்தகத்துக்குப் பெரிய படம் வேண்டும் என்றார்கள். பாண்டியின் போனை வாங்கி, எக்ஸ்ரே பார்க்கும் பெரிய திரையில் ஏற்றினார் சார். பாண்டியும் நானும் பின்னால் நின்றோம். படத்தின் மூலையில் வெள்ளையாக, வட்டமாக, மங்கலாக ஒன்று மிதந்தது.

"பாண்டி! மேல பாத்தியாடா? சொறிமீனு, ஜெல்லி மீனு! ஒரே படத்துல ரெண்டு பதிவு!"

பாண்டி மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான். சார் மூலையைப் பெரிதாக்கினார். சொறிமீனுக்குக் கீழே இரண்டு கை தெரிந்தது. "சொறிமீனுக்கு ஏது கை?" என்று அவரே முணுமுணுத்துக்கொண்டு இன்னும் பெரிதாக்கினார். கைக்குக் கீழே ஒரு பனியன், மடித்துக் கட்டிய லுங்கி.

எனக்கு விளங்கிவிட்டது. "சார்... இது வீச்சுல பறக்குற பரோட்டா சார். மாஸ்டர் கண்ணாடியில தெரியுறாரு."

பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ராம்நாடு பக்கம் ஒரு ஹோட்டல், வாசலில் பெரிய மீன் தொட்டி, எதிரே பரோட்டாக் கல். "அம்புட்டு அழகா இருந்துச்சுண்ணே. உங்களுக்குக் காட்டணும்னு எடுத்தேன். நீங்க அடேங்கப்பான்னதும்... தொட்டின்னு சொல்ல எனக்கு வாய் வரலைண்ணே."

சார் படத்தைப் பழையபடி சின்னதாக்கினார். விஷயம் கேட்டு வந்த டாக்டரம்மா, "மூலையை வெட்டிட்டு அனுப்புங்க சார். யாருக்குத் தெரியப்போகுது? வாசல்ல பிளெக்ஸ் வேற நிக்குது" என்றார்.

"நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான் டாக்டர். இல்லாததை இருந்துச்சுன்னு சொல்லிட்டா, இருந்ததையெல்லாம் சொன்னா எவன் நம்புவான்?"

அங்கேயே எங்கள் முன்னால் ஸ்பீக்கரில் போன் போட்டார். ஆராய்ச்சிக்கார அம்மாவுக்குக் கோபம். "யாரு சார் அந்தப் பாண்டி? அவர் குடுத்த எல்லாத்தையும் தூக்கிருவோம், பேரே வேண்டாம்."

"அவன் கண்ணால பாத்ததைத்தாம்மா எடுத்தான். கடலுக்குள்ளயா, கண்ணாடிக்குள்ளயான்னு நான் விசாரிச்சிருக்கணும். விசாரிக்கல. தப்பு என்னோடது."

"அப்படின்னா யாத்திரைக்காரங்க பதிவு எல்லாத்தையும் மறுபடி நேர்ல சரிபாக்கணும் சார். அதுவரைக்கும் புத்தகம் கிடையாது."

"சரிம்மா" என்றார் சார். இனிஷியல் முன்னாடியா பின்னாடியா என்று யோசித்த அதே முகம்.

பாண்டி அழுதுகொண்டே, "என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருங்கண்ணே" என்றான். "அதெல்லாம் இருக்கட்டும், அடுத்த அமாவாசை என்னைக்கு வருது?" என்றார் சார். மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி, பிளெக்ஸில் தன் கூலிங்கிளாஸ் மேலேயே ஒரு தாளை ஒட்டினார்: 'இந்தச் செய்தி தவறு. அது ஹோட்டல் தொட்டி.' சிங்கத்தை ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கே.கே. நகரும் திருநகரும் அவனியாபுரமும் அமாவாசைக்கு அமாவாசை வேன் பிடித்து, முன்னே பார்த்ததை மறுபடி பார்க்கக் கிளம்பிவிட்டன. பேங்க்காரர் இப்போது தாத்தா பெயரை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறார். நான் சென்டரை விட்டு நின்றாகிவிட்டது. இருந்தாலும் போன மாதம், மாமனார் திதிக்குப் போன இடத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைப் பக்கம் குனிந்து நின்றேன். முள்ளெலிக்குப் பயந்த பாண்டி முழங்காலளவு தண்ணீரில் எனக்கு முன்னால் தடம் பார்த்துக்கொண்டே நடந்தான். அழுக்குப் பழுப்பில் சின்னதாக ஒரு சாமந்தி. ஊர்ப்பட்ட பேர் பார்த்த சாதாரண வகைதான். சாருக்கு போன் போட்டேன்.

கேட்பதற்கு முன்னாலேயே ஒப்பித்தேன். "எடம் ஓலைக்குடா சார். நேரம் காலை ஏழரை. பாத்தது நானு, கூட பாண்டி. கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் இல்ல சார், கடலேதான்."

"அது கெடக்கட்டும்மா" என்றார் சார். "கால்ல முள்ளு கிள்ளு ஒண்ணும் குத்தலையே ரெண்டு பேருக்கும்?"

இத்தனை வருஷத்தில், அந்த மூன்றைத் தாண்டி எங்களுக்காக அவர் கேட்ட நாலாவது கேள்வி அதுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடல் தண்ணி தெறிச்சிருச்சுப்பா என்று பாண்டியிடம் சொல்லிச் சமாளித்தேன்.