தனுஷ்கோடியின் ஆறு மணி நேரம்

"ஆறே மணி நேரத்தில் முடிப்பேன்!" என்று கம்பெனியில் அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் அறிவித்தேன்.

என் பெயர் தனுஷ்கோடி. சிவகாசி அச்சுக் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகக் காலண்டர் வெட்டுகிறேன். வெட்டிப் பேச்சும் அந்த மெஷின் பக்கத்தில்தான் பழகியது.

2008-ல் சாத்தூர் கிளப் ஒன்று நடத்திய போட்டி அது. இருக்கன்குடி அணையில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே மூச்சில்.

என் அண்ணன் ஊர்க்காவலன் நாற்பத்து மூன்று வயதில் நெஞ்சைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தான். எனக்கும் நாற்பத்து மூன்று ஆனது. அன்றிலிருந்து கம்பெனியே என்னைத் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி பார்த்தது. அந்தப் பார்வையை நிறுத்தத்தான் இத்தனையும். காலை ஆறுக்குத் துவக்கம்; பன்னிரண்டுக்கு, ஓட்டம் முடியும் மைதானத்தில் வரவேற்பு. மொதலாளி வேன் தருவதாகச் சொன்னார். கூட வேலை பார்க்கும் முனியராஜ் சரவெடிக்குப் பொறுப்பேற்றான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சண்முகத்தாய்க்கு எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வை. எந்த லோடு எத்தனை மணிக்கு ஏறும் என்று முந்தின நாளே சொல்வாள். ஏறும்.

"ஆறு மணி நேரமா? எப்படிச் சொல்றீக?"

"நீச்சல் ஒண்ணு, சைக்கிள் மூணு, ஓட்டம் ரெண்டு. கூட்டிப் பாரு."

"தனித்தனியா செஞ்சு பாத்ததைக் கூட்டுனா அப்படித்தான் வரும். தொண்ணூறு கிலோமீட்டரு மிதிச்ச காலை வச்சுல்லா ஓடணும்? எதிர்காத்து? மாசி வெயிலு? ஈரத்துணி மாத்த வேண்டாமா?"

"அதெல்லாம் ஒரு நேரமா?"

"காலையில பத்துப் பெட்டி கட்டுறவ சாயங்காலம் ஆறுதான் கட்டுவா. அந்த ஆறை வச்சுத்தான் நான் ஆர்டருக்கு நாள் சொல்லுவேன்."

"சரி, எம்புட்டுன்னு நீயே சொல்லு."

"எட்டே முக்கா மணி நேரம்."

"ஏட்டி, நான் என்ன லோடா?"

"லோடுன்னா பேசாம வந்துருமே!"

"இதை வெளியில மூச்சு விடாதே. மானம் போயிரும்."

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போட்டியன்று அணைத் தண்ணீரில் வேகமாகப் பாய்ந்தேன். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. சைக்கிளில் ஏறியதும் காற்று என் முகத்தைப் பார்த்தே வீசியது. திரும்பி வரும்போதும் அப்படித்தான். சைக்கிளை விட்டு இறங்கும்போது பதினொன்றே கால். கால் இரண்டும் வேறு யாருடையதோ.

மணி பன்னிரண்டு ஆனபோது நான் ஓடியது நான்கு கிலோமீட்டர்.

இந்நேரம் எல்லாரும் மைதானத்தில் நிற்பார்கள். மொதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார். அண்ணனைப் பேசுவார்கள். ஒரு மணிக்கு மாலை வாடும். ஒன்றரைக்கு வேன் கிளம்பும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போவது கண்ணில் தெரிந்தது. சாலையோரம் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். விருதுநகர் பஸ் வந்தால் ஏறிவிடலாம். ஆனால் டவுசரில் பை இல்லை; டிக்கெட்டுக்குக் காசும் இல்லை.

பஸ்ஸுக்குப் பதில் அவள் வந்தாள். மொபெட்டில், மோர்ச் செம்போடு.

"நெஞ்சு வலிக்கா?"

"இல்ல. மனசுதான்."

சட்டென்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அறுபது எண்ணும்வரை விடவில்லை. "அப்ப எந்திரிங்க. ஓட வேண்டாம். வேகமா நடந்தாலே போதும்."

"எதுக்கு? எல்லாரும் போயிருப்பாக. வெறும் மைதானத்துக்குப் போகவா?"

"போய்ப் பாருங்களேன்."

போனேன். அழுகையும் வேர்வையும் ஒன்றாக வழிந்தன. மைதான வாசலில் திரும்பினேன்.

சரவெடி காதைக் கிழித்தது. கம்பெனி மொத்தமும் நின்றது. மொதலாளி கையில் மாலை. ஒரு இதழ்கூட வாடவில்லை. ஒருவர் கண்ணிலும் துட்டிப் பார்வை இல்லை. மணி இரண்டு நாற்பத்து மூன்று.

எனக்காக இத்தனை நேரம் காத்திருந்த ஜனங்கள்! முனியராஜைக் கட்டிக்கொண்டேன்.

"ஏலே, பன்னெண்டு மணியிலிருந்து வெயில்ல நின்னீகளாலே?"

"இல்லண்ணே, இப்பத்தான் வந்தோம். ரெண்டே முக்காலுக்கு முன்னாடி போக வேண்டாம்னு மதினி ஒரு மாசம் முன்னமே சொல்லிட்டாக."