நான் திருப்பிய கப்பல்

நான் எதையும் ஒழுங்காகத் திருப்பியதில்லை. தோசையைத் திருப்பினால்கூட அது நான்கு துண்டாகத்தான் வரும். ஆனால் ஒரே ஒரு முறை, ஆறு மாடி உயரமுள்ள கப்பல் ஒன்றை நடுக்கடலில் வந்த வழியே திருப்பியிருக்கிறேன். அதில் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. (அவர் பக்கம்தான் நியாயம்.)

அப்போது எனக்கு ஆஸ்லோவில் வேலை. மென்பொருள்களைச் சோதித்து அவற்றின் குறைகளைப் பட்டியலிடுவது என் தொழில். பட்டியல் போடாமல் நான் பல்கூடத் தேய்க்க மாட்டேன் என்று தம்பி சொல்வான். அது மிகை. பல் தேய்ப்பது தினசரிப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த ஆண்டின் பட்டியலில் முதல் வரி, 'அம்மாவுக்கு உலகத்தைக் காட்டுவது'. அதற்காக வட துருவத்துக்குப் பக்கத்திலுள்ள தீவுகளைச் சுற்றிவரும் கப்பல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆட்டமும் பாட்டமுமான சொகுசுக் கப்பல் அல்ல. பனிக்கட்டிகளுக்கு நடுவே போய் நிற்கும். ரப்பர் படகில் ஏறி, ஆளில்லாத கரைகளில் இறங்கி நடக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளைக் கரடி பார்க்கலாம். உலகத்தைக் காட்டும்படி அம்மா என்னிடம் கேட்கவே இல்லை என்பது அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

விடுப்பில், குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள மேலகரத்து வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, சாரல் அடிக்குத நேரத்துல ஊரு உலகமே குத்தாலத்துக்கு வருது. நான் இங்கனருந்து கெளம்பிப் போவணுமா?"

"ம்மா, அங்க வெள்ளக் கரடி இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கு நான் எதுக்கு?"

அம்மாவின் வருத்தம் நியாயமானது. சீசன் வந்துவிட்டால் அவள் வாரத்துக்கு மூன்று நாள் பேரருவிக்குப் போய்விடுவாள். பெண்கள் பக்கத்துக் கூட்டத்தை முழங்கையால் பிளந்து, தண்ணீர் மிகக் கனமாக விழும் இடத்தைப் பிடித்து, காலை ஊன்றி நின்றுகொள்வாள். தானாக வெளியே வர மாட்டாள். பெண் போலீஸ் விசில் அடித்தால்தான் வருவாள். 'விசிலுக்கு முன்னால வெளிய வாரவ, வரிசையில நின்ன நேரத்த வீணாக்குனவ' என்பது அவளது கொள்கை. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, அருவிப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அடுத்த சீசனே போனாள். நின்றாள். விசிலுக்குத்தான் வந்தாள்.

கப்பல்காரர்கள் உடல்நலப் படிவம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். இதய நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தினமும் சாப்பிடும் மருந்துகள் என்னென்ன. 'உண்டு' என்று எழுதினால் டாக்டரின் கடிதம் வேண்டும். எங்கள் டாக்டரிடம் கேட்டால் கடிதம் வராது, திட்டுதான் வரும். நான் என் தொழிற்பயிற்சியைப் பயன்படுத்தினேன். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, ஆகவே குறை சரிசெய்யப்பட்டது. சரிசெய்த குறையை யாரும் திரும்பப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மாத்திரையால் அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆகவே அழுத்தம் இல்லை. பேரருவியில் நின்றவள், ஆகவே சோதனையில் தேறியவள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். அம்மா பத்தடி தூரத்தில் அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அதுல என்னட்டி கேக்காவ?"

"ஒண்ணுமில்லம்மா. பேரு, ஊரு."

கப்பலில் முதல் மூன்று நாள் நன்றாகப் போயிற்று. (வாந்தியைக் கணக்கில் சேர்க்கவில்லை.) சாப்பாட்டு மேசையில் எங்களோடு மார்த்தா என்ற எழுபது வயதுப் பெண்மணி உட்கார்ந்தார். அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வந்துகொண்டிருந்தது. அடுத்த கோடையில் எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். பனிமேல் நடக்கும் வெள்ளைக் கரடியை அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் தனியாக வந்திருந்தார். கரடிகள் அதிகமுள்ள வடகரைக்கு ஐந்தாம் நாள் போவதாகத் திட்டம். (எங்கள் செங்கோட்டைப் பக்கத்து வடகரை என்று நினைத்து அம்மா ஒரு கணம் பூரித்துப் போனாள்.) அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவள் மொழி தெரியாது. ஆனாலும் படிக்கட்டில் அவர் கையைப் பிடித்து இறக்கிவிடுவது அம்மாவின் வேலையாயிற்று. "பாத்து, பாத்து" என்பாள். "பாத்து, பாத்து" என்று அவரும் திருப்பிச் சொல்லிக்கொண்டே இறங்குவார்.

நான்காம் நாள் பனிக்கடலில் குதிக்கும் சடங்கு. கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, நீர்மட்டத்தில் மேடையும் ஏணியும் அமைத்து, இடுப்பில் பட்டை கட்டி, பட்டையில் கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் குதிக்க விடுவார்கள். குதித்தவர்கள் மூன்று விநாடியில் அலறிக்கொண்டு ஏறிவிடுவார்கள். என் பட்டியலில் அது பதினேழாவது. மேடைக்குப் போய், கறுத்த தண்ணீரையும் அதில் மிதந்த ஐஸ் துண்டுகளையும் பார்த்த மாத்திரத்தில் பதினேழாவதை அடித்துவிட்டேன்.

அப்போது பின்னால் நல்லெண்ணெய் வாசம் வந்தது. அம்மா. சுடிதார் போட்டு, தலையிலிருந்து பாதம்வரை எண்ணெய் தேய்த்து, தயாராக வந்திருந்தாள்.

"என்னம்மா இது!"

"குத்தாலத்து சீசனத்தான் உன்னால விட்டாச்சு. இதாவது கெடச்சுதே. தள்ளு."

பட்டை கட்ட வந்த கப்பல் பெண், வழுக்கிய விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூன்று வெள்ளைத் துண்டுகள் நாசமாகுமளவு அம்மாவைத் துடைத்தாள். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினாள். மறுபடியும் இதயம், அழுத்தம், மருந்து. நான் நிறுத்தியிருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் முன்பு எழுதியதோடு இப்போது எழுதுவது முரண்படக் கூடாதல்லவா? மூன்று 'இல்லை' போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அம்மா குதிக்கவில்லை. ஏணியைப் பிடித்துக் கழுத்தளவு இறங்கினாள். கைகளைத் தலைமேல் வைத்தாள். நின்றாள்.

மூன்று விநாடி போயிற்று. பத்து போயிற்று. மேல்தளத்தில் கைதட்டல் கிளம்பியது. கப்பல் பெண் "வெளியே, வெளியே" என்று கத்தினாள். கயிற்றை இழுத்தாள். யாரோ தன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று அம்மா காலை ஏணிப்படியில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். எண்ணெயில் பட்டை வழுக்கி அக்குளுக்கு ஏறியது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா விசிலுக்காகக் காத்திருக்கிறாள்.

கப்பல் பெண்ணின் மிதவைச் சட்டையில் ஒரு விசில் தொங்கியது. அதை எட்டிப் பிடித்து, அவள் தாடையில் என் நெற்றி இடிக்க, மூச்செல்லாம் சேர்த்து ஊதினேன்.

அம்மா உடனே ஏறி வந்தாள். விசிலைக் கேட்ட மேல்தள ஊழியர்கள் யாரோ கடலில் விழுந்துவிட்டதாக நினைத்து மிதவை வளையங்களை எறிந்தார்கள். அவற்றில் ஒன்று என் முதுகில் விழுந்தது. அதுவரை இது சிரிக்கத்தக்க கதைதான்.

"இன்னுங் கொஞ்சம் நின்னுருப்பேன்" என்றாள் அம்மா. மூன்றடி நடந்தாள். விழுந்தாள்.

கப்பல் மருத்துவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நாடி தாறுமாறாக ஓடுகிறது என்றார். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறாரா? படிவத்தில் இல்லை என்றிருக்கிறது."

என் மூளை வழக்கம்போலப் பட்டியல் போட்டது. ஒன்று, சொன்னால் நான் பொய் சொன்னவள். இரண்டு, கப்பல் திரும்பும். மூன்று, மார்த்தாவின் கரடி. நான்காவதாகத்தான் அம்மா வந்தாள். ஒரு பெருமூச்சு விடும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவர் ஊசியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"ஸ்டென்ட் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அழுத்தத்துக்கும் மாத்திரை" என்றேன்.

 ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது. ஆஸ்பத்திரி இருந்த ஊர் தெற்கே பதினான்கு மணி நேரம். ஒலிபெருக்கியில் கேப்டன், மருத்துவக் காரணத்தால் திரும்புகிறோம், வடக்கே போவதற்கு இனி நாளில்லை என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, நடைபாதை முழுக்க நல்லெண்ணெய் வாசம். அந்த நேரத்தில் அப்பா போனில் வந்தார்.

"ஏட்டி, அம்மைய எங்க?"

"குளிச்சிட்டுப் படுத்திருக்காப்பா."

"அங்கயுமா குளிக்கா?" என்று சிரித்துவிட்டு வைத்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தத் திறமை என்னிடம் நிறைய இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. தென்காசி பஸ் பாதி வழியில் நின்றால்கூட ஊரே இறங்கிச் சண்டை போடும். நாலு வசவு கிடைத்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். மார்த்தாவிடம் போய், என் பொய்தான் காரணம் என்று சொன்னேன். முதலில் அம்மாவைப் பற்றிக் கேட்டார். கண் விழித்துவிட்டாள் என்றேன்.

"நல்லது" என்றார். "உன்மேல் எனக்குக் கோபம். நாளைக்கும் இருக்கும். அடுத்த வருடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். உட்கார், சூப் ஆறுகிறது."

உட்கார்ந்து குடித்தேன். பிறகு அவர் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். கை கொடுக்க எழுந்தேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கைப்பிடியைத் தடவித் தடவித் தனியாக இறங்கினார்.

அம்மா ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஃபாரம் யாரு பேருல?"

"உன் பேருலதாம்மா."

"நெஞ்சு யாருக்குள்ளது?"

"உனக்குள்ளது."

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னட்டி? நான் அங்கனதான நின்னேன்." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "கேட்டுருந்தா வரமாட்டேன்னிருப்பேன். அந்தக் கண்ணு தெரியாதவளாவது கரடியப் பாத்துருப்பா."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தையும் என் கையில் தருவதில்லை. போன வருடம் பித்தப்பைக் கல்லுக்காக அம்மாவைத் தென்காசியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். வரவேற்பில் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். அம்மா குறுக்கே கைவிட்டுப் பறித்துக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக 'உண்டு', 'உண்டு' என்று போட்டாள். ஆஸ்துமா உண்டு, வலிப்பு உண்டு, காசநோய் உண்டு. சற்று நேரத்தில் நர்ஸ் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஆச்சி, மாசமா இருக்கேன்னு போட்டுருக்கீய!"

"இல்ல இல்லன்னு போட்டு ஒரு தடவ செத்துப் பாத்தாச்சு தாயி" என்றாள் அம்மா. "எல்லாம் இருக்குன்னே இருக்கட்டும். எது இல்லன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அன்றிலிருந்து தம்பி எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி அதுதான்: "அம்மைக்கு இப்பம் எத்தனாவது மாசம்?"

அறுபத்தோரு வயதுக்காரிக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நானாகச் சொல்வதில்லை. "இரு, அம்மைட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று போனை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.