கொடி கிடைத்த கல்யாணம்

பஸ் நிறைய உறவுக்காரர்கள், ட்ரம்பெட்காரர்கள், ராக்கியா என்ற பழச்சாராய பாட்டில்கள். கல்யாணக் கொடி மட்டும் இல்லை.

கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டிய ராதோமிர், மாப்பிள்ளையின் அக்கா புருஷன். லாரிகள் நிற்கும் சாலையோரக் கடையில் காப்பியை உறிஞ்சும்போதுதான், கொடியை வீட்டிலேயே விட்டு வந்தது அவருக்கு உறைத்தது. பெண் வீட்டார் எல்லைக்கு இந்தப் பக்கம், செர்பியாவிலேயே வாழும் பல்கேரியர்கள். கொடி வராமல் வாசற்கதவைத் திறக்க மாட்டார்கள்.

"ராக்கியா மட்டும் மறக்கலையே!" என்றாள் மனைவி.

ராதோமிர் பக்கத்து லாரிக்கு ஓடி, தன் மொழியில் கொடி கேட்டார். "பர்யாக்! அண்ணே, ஒரு பர்யாக் கிடைக்குமா?"

அந்தத் துருக்கிக்காரர் இந்தச் சாலையிலேயே ஓடி அரைகுறை செர்பியன் கற்றவர். "பைராக்கா? அது எங்க சொல்லாச்சே!" என்று பூரித்துப்போய்த் தன் நாட்டுக் கொடியையே உருவிக் கொடுத்தார்.

"இதப் பிடிச்சிட்டுப் போனா, துருக்கிப் படை மறுபடியும் வந்துட்டுதுன்னு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுருவாங்க!" என்று ராதோமிர் பதறினார்.

சத்தம் கேட்டு மற்ற லாரிக்காரர்களும் கூடிவிட்டார்கள். ருமேனியாக்காரர் "பைராக்" என்றார், கிரேக்கர் "பைராக்கி" என்றார். ஆளுக்கொரு நாட்டுக் கொடி ராதோமிர் தோளில் ஏறியது.

"எங்க பாட்டன் கொண்டாந்த சொல்லுய்யா!" என்றார் துருக்கிக்காரர்.

"வந்தது எங்க ஊர்லயே தங்கிடுச்சில்ல? இப்ப எங்களுது," என்றார் கிரேக்கர்.

"யாருதா வேணா இருக்கட்டும், எனக்குக் கல்யாணக் கொடி வேணும்யா!" என்று ராதோமிர் அழாத குறையாகக் கத்தினார்.

அவ்வளவுதான், சண்டை நின்றது. துருக்கிக்காரர் தன் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்தார். ருமேனியாக்காரர் துடைப்பக் கம்பைக் கழற்றி, ஊசி நூலும் எடுத்தார். வழக்கப்படி கம்பின் உச்சியில் குத்த ஆப்பிள்?

"இருங்க மச்சான், நானே வாங்கியாரேன்," என்று மாப்பிள்ளை நெனாத் பழக்கடைக்கு ஓடினான்.

"ஆப்பிள் எதுக்கு? நான் ஏத்தி வந்ததே ஆரஞ்சுதான்!" என்று கிரேக்கர் ஒன்றைக் குத்தியே விட்டார்.

ஹாரன்கள் முழங்கின, ட்ரம்பெட் அலறியது, பஸ் பறந்தது. ராதோமிர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் பேர் தெரியாதவர்கள் காட்டிய அன்பில் அவர் கண் கலங்கிவிட்டது. இனி எந்த நாட்டுக்காரனையும் திட்டுவதில்லை என்று மனைவியிடம் சத்தியமே செய்தார்.

கொடி தெருமுனையில் தெரிந்ததுமே பெண் வீட்டுக் கதவு அகலத் திறந்தது. ராதோமிர் நெஞ்சை நிமிர்த்தி உள்ளே நுழைந்தார்.

பெண்ணின் தங்கை பஸ்ஸுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கொடி பிரமாதம் அண்ணே. மாப்பிள்ளை எங்க?"